வாசற்படி வரை வந்தவர்கள்

1932 ஜூன் 25, சனிக்கிழமை. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆட இறங்கிய நாள். முகமது நிஸார் ஓடி வந்து வீசிய பந்துகளில் இங்கிலாந்தின் சட்கிளிஃபும் ஹோம்ஸும் அடுத்தடுத்துக் குச்சி பறிகொடுத்து வெளியேறிவிட்டார்கள். அடுத்து ஃபிராங்க் வூலி. அந்தக் காலத்து இங்கிலாந்தின் மிகப் பெரிய இடதுகை ஆட்டக்காரர். அவர் ஓட்டம் எடுக்க ஓடுகிறார். தலைப்பாகை அணிந்த ஒல்லியான இளைஞர் ஒருவர் பந்தைப் பாய்ந்து எடுத்து எறிகிறார். வூலி ரன் அவுட். இங்கிலாந்து 19 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட். பார்வையாளர்கள் பலர் இன்னும் தங்கள் இருக்கையைக்கூடத் தேடிப் பிடித்திருக்க மாட்டார்கள்.

எறிந்தவர் பெயர் லால் சிங். அந்த அணியின் மற்ற ஆட்டக்காரர்கள் இந்தியாவின் மைதானங்களில் வளர்ந்தவர்கள். லால் சிங் வந்தது மலாயாவிலிருந்து. 1909இல் கோலாலம்பூரில் பிறந்தவர். நம் மண்ணில் பிறந்து டெஸ்ட் கிரிக்கெட் ஆடிய முதல் மனிதர் அவர்தான்.

அந்த ஆட்டத்தில் அவர் முதல் இன்னிங்ஸில் 15, இரண்டாவது இன்னிங்ஸில் 29 எடுத்தார். பார்ப்பதற்குச் சிறிய எண்கள். ஆனால் அந்த 29 எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். தோல்வி உறுதியாகிவிட்ட நேரத்தில் அமர் சிங்கோடு சேர்ந்து நாற்பதே நிமிடத்தில் 74 ஓட்டங்கள் குவித்தார். இந்தியா 158 ஓட்டங்களில் தோற்றாலும் பந்தயம் பார்த்தவர்கள் அந்த நாற்பது நிமிடத்தை மறக்கவில்லை. அவருக்கு அப்போது வயது 22. அதன் பிறகு அவர் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. 1933-34இல் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து இந்தியாவுக்கு வந்து மூன்று டெஸ்ட் ஆடியபோதும் அழைப்பு வரவில்லை. கடைசியில் கோலாலம்பூருக்கே திரும்பி 1985இல் காலமானார்.

இந்தத் தொடரில் இதுவரை வென்றவர்களைப் பார்த்தோம். இந்த அத்தியாயம் வாசற்படி வரை வந்து உள்ளே போகாதவர்களுக்கானது. ஆற்றல் இருந்தது. பார்த்தவர்கள் அத்தனை பேரும் பெரிய ஆளாக வருவான் என்றார்கள். அப்படி வரவில்லை. அப்படிப்பட்டவர்களைப் பேசும்போது நம் ஊரில் வழக்கமாக ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடுவோம்: அவனே கெடுத்துக்கொண்டான். இந்தத் தொடரை எழுதுகிறவர் அந்த வார்த்தையை ஏற்பதில்லை. ஏன் என்பதுதான் இந்த அத்தியாயம்.

லால் சிங்குக்கு முன்னால் விளையாட்டு இங்கே எப்படி வேர்விட்டது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். கிரிக்கெட் மலாயாவில் தோட்டத்து விளையாட்டாக ஒருநாளும் இருந்ததில்லை. அது பட்டணத்துப் பாடாங்கில், கிளப் கட்டடத்தின் முன்னால், துரைமார் ஆடியது. அவர்களை அடுத்து அதைக் கையில் எடுத்தவர்கள் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்கள். பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக் கிராணிமார், ரயில்வேக்காரர்கள். தெலுக் அன்சனிலிருந்து தாப்பா ரோட்டுக்கு ரயில் பாதை வந்தது 1893இல். தாப்பா ரோடு போன்ற சிறிய நிலையங்களில் ஸ்டேஷன் மாஸ்டராக, புக்கிங் கிளார்க்காக வந்தவர்களில் யாழ்ப்பாணத்தவர் கணிசம். மிஷன் பள்ளிகளில் படித்த இங்கிலீஷும் அங்கே கற்ற கிரிக்கெட்டும் அவர்களோடு வந்தன.

பீடோர், சுங்கை, தாப்பா, கம்பார் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஆடப்பட்டது கால்பந்து. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, நெற்றி விளக்கோடு வெட்டுக்குப் போய், மதியம் பால் ஸ்டோரில் வாளியை இறக்கி நிறுவை முடித்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்து எழுந்தால் மாலை ஐந்து மணிக்குப் பந்து. லயத்துக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் நடுவே இருக்கும் திடல். ஒரு பக்கம் சரிவாக இருக்கும். காலில் பூட்ஸ் இல்லாதவனே அதிகம். இருட்டிப் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை ஆடுவார்கள். அந்தத் திடல்களில் இருந்து மாவட்ட அணிக்கும் மாநில அணிக்கும் போனவர்கள் உண்டு. போகாமல் பால் வெட்டிலேயே வயதானவர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களுடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பெயர் பதிவானவர்களின் கதையை வைத்துத்தான் பதிவாகாதவர்களின் கதையையும் நாம் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

லால் சிங்கின் மலாயாவுக்கு டெஸ்ட் தகுதி கிடையாது. 1927இல் ஆஸ்திரேலிய டெஸ்ட் ஆட்டக்காரர்கள் பலர் இருந்த ஓர் அணியை மலாயா கோலாலம்பூரில் தோற்கடித்தது உண்மை. அப்படியும் உலகக் கிரிக்கெட்டின் வரைபடத்தில் இந்த நாட்டுக்கு இடம் இல்லை. சர்வதேசக் கிரிக்கெட் அமைப்பில் மலேசியா துணை உறுப்பினர் ஆனதே 1967இல்தான். அதனால் 1930களில் இங்கே பிறந்த ஒருவன் பெரிய ஆட்டம் ஆட வேண்டுமானால் கப்பலேறி இன்னொரு நாட்டின் சட்டையைப் போட வேண்டும். அங்கே அவனுக்கு மாகாணம் இல்லை, சமஸ்தானம் இல்லை, பரிந்து பேச ஆள் இல்லை. அந்தக் காலத்து இந்தியக் கிரிக்கெட்டில் மகாராஜாக்களின் தயவு எவ்வளவு எடை கொண்டது என்பது அடுத்த கதையில் தெரியும்.

சென்னையில் எம்.ஜே. கோபாலன் என்று ஒருவர் இருந்தார். 1909இல் பிறந்தவர், லால் சிங்குக்கு ஒரே வயது. வேகப் பந்துவீச்சாளர். 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய ஆட்டத்தில் ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் அவர்தான். கிரிக்கெட்டைப் போலவே ஹாக்கியிலும் கெட்டிக்காரர். 1935இல் இந்திய ஹாக்கி அணியோடு நியூசிலாந்து போய் வந்தார். 1936இல் இரண்டு கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தன. ஒன்று தயான் சந்தின் அணியோடு பெர்லின் ஒலிம்பிக். மற்றது விஜயநகரம் மகாராஜகுமாரின் தலைமையில் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணம். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

பெர்லினில் இந்தியா தங்கம் வென்றது. இங்கிலாந்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்ட்கூடக் கொடுக்கவில்லை. நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தையே நடுவில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிய பயணம் அது. கோபாலன் ஆடிய ஒரே டெஸ்ட் 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடியதோடு நின்றுபோனது. 2003 வரை நெடுங்காலம் வாழ்ந்தார். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1950களில் தொடங்கிய கிரிக்கெட் ஆட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

இலங்கை என்றதும் இந்த அத்தியாயத்தின் நடுநாயகமான மனிதருக்கு வந்துவிடுகிறோம். மகாதேவன் சதாசிவம். 1915இல் பிறந்த தமிழர். கொழும்பு வெஸ்லி கல்லூரி மாணவர். தமிழ் யூனியன் கிளப்பின் ஆட்டக்காரர். கொழும்பில் எல்லோருக்கும் சதா.

அவர் மட்டை பிடித்து நிற்பதைப் பார்த்தவர்கள் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்: அவருக்கு நேரம் அதிகம் இருந்தது. மற்றவர்கள் பந்து வந்து சேருமுன் அவசரப்படுவார்கள். சதா பந்து தன்னைத் தாண்டிப் போகிற கணம்வரை காத்திருந்து, விக்கெட் கீப்பரின் கைக்குள் விழப் போகிற பந்தை மணிக்கட்டைத் திருப்பித் தட்டிவிடுவார். பலத்தில் அடித்த ஆட்டம் இல்லை அது. கால் நகர்வும் கண்ணும் மணிக்கட்டும் சேர்ந்த ஆட்டம்.

1945இல் இந்திய அணி கொழும்புக்கு வந்தபோது சதம் அடித்தார். 1947 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215. சென்னையில் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையாக அது நிலைத்தது. 1950இல் காமன்வெல்த் அணி வந்தபோது 96. அந்த அணியில் ஆடிய மேற்கிந்தியத் தீவுகளின் ஃபிராங்க் வோரல், தான் பார்த்த மட்டையாளர்களிலேயே சிறந்தவர் சதாசிவம் என்று சொன்னதாகக் கொழும்பில் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். இரவு முழுவதும் விருந்தும் நடனமுமாக இருந்துவிட்டுக் காலையில் நேராக மைதானத்துக்கு வந்து சதம் போடுவார் என்பதும் அதே மூச்சில் சொல்லப்படும் கதை.

ஆனால் இந்தச் சதாசிவம் தன் வாழ்நாளில் ஆடிய முதல்தர ஆட்டங்கள் மொத்தம் 11. ஆம், பதினொன்றுதான். இன்றைய ஆட்டக்காரன் ஒரே பருவத்தில் ஆடி முடிக்கிற எண்ணிக்கை. காரணம் எளிது. இலங்கைக்கும் டெஸ்ட் தகுதி இல்லை. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே போகும் கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்தில் நிற்கும். அந்த ஒரு நாளில் ஓர் ஆட்டம். கப்பல் கிளம்பினால் கிரிக்கெட்டும் கிளம்பிவிடும். ஒரு தலைமுறை இலங்கை ஆட்டக்காரர்களுக்கு உலகத்தரமான எதிரி என்றால் பெரும்பாலும் அந்த ஒருநாள் விருந்தாளிதான்.

1948 மார்ச்சில் வந்த கப்பலில் டான் பிராட்மேன் இருந்தார். இங்கிலாந்தில் ஒரு ஆட்டமும் தோற்காமல் திரும்பப் போகிற அதே ஆஸ்திரேலிய அணி. இலங்கையின் தலைவர் சதாசிவம். கொழும்பு ஓவலில் கூட்டம் பொங்கி வழிந்தது. ஆட்டத்தின் நடுவே ஆடுதளத்தின் நீளத்தில் ஏதோ கோளாறு என்று சந்தேகம் வந்து அளந்து பார்த்தார்கள். 22 கஜம் இருக்க வேண்டிய இடத்தில் 20 கஜம்தான் இருந்தது. உலகின் தலைசிறந்த அணியோடு மோத ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கிடைத்த ஒரே நாள், அதுவும் இரண்டு கஜம் குறைந்த தரையில்.

1951 அக்டோபரில் சதாசிவத்தின் மனைவி கொழும்பில் கொலை செய்யப்பட்டார். சதாசிவம் கைது செய்யப்பட்டார். இலங்கையின் நீதிமன்ற வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட வழக்குகளில் ஒன்று அது. நாள்தோறும் நாளிதழ்களின் முதல் பக்கத்தை நிரப்பியது. வீட்டு வேலைக்காரர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினார். சதாசிவத்துக்காக வாதாடியவர் இடதுசாரித் தலைவரும் பெரும் வழக்கறிஞருமான கொல்வின் ஆர். டி சில்வா. இறந்த நேரம் எது என்பதே வழக்கின் உயிர்முடிச்சு. அதை அவிழ்க்க எடின்பரோவிலிருந்து தடயவியல் பேராசிரியர் சிட்னி ஸ்மித்தை வரவழைத்தார்கள். 1953இல் ஜூரிகள் குற்றமற்றவர் என்று தீர்ப்புச் சொன்னார்கள். விடுதலை ஆனார். அதற்குள் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகச் சிறையில் இருந்தாயிற்று. வயது 37.

நான்கு பிள்ளைகளின் தாய் ஒருவர் உயிரிழந்த துயரத்தின் பக்கத்தில் ஒருவருடைய ஆட்டக் கணக்கை வைத்துப் பேசுவது சரியில்லை. ஆனால் வரலாறு என்ற அளவில் ஒன்றைக் குறித்தாக வேண்டும். சதாசிவத்தின் ஆட்டம் அந்த வழக்கில் அழிந்தது என்று எழுதுகிறார்கள். வழக்கு வந்தபோது அவருக்கு 35 முடிந்து 36 நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னாலேயே, உடம்பும் கண்ணும் உச்சத்தில் இருந்த பத்து ஆண்டுகளில், அவருக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய ஆட்டங்கள். வழக்கு இல்லாமல் போயிருந்தாலும் அவருக்கு ஒரு டெஸ்ட் கிடைத்திருக்காது.

அதற்குப் பிறகு சதாசிவம் வந்தது நம் பக்கம். சிங்கப்பூரில் ஆடினார், அந்த அணிக்குத் தலைவர் ஆனார். மலாயாவுக்கு வந்து மலாயா அணிக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாடுகளின் கிரிக்கெட் அணிக்குத் தலைவராக இருந்தவர் என்ற பெருமை அப்படி வந்தது. மூன்றில் எதற்கும் அப்போது டெஸ்ட் தகுதி இல்லை. பாடாங்கில் யாழ்ப்பாணத்துக் கிராணிமாரின் பிள்ளைகள் அவரைப் பார்க்கத் திரண்டார்கள் என்றால் வியப்பில்லை. அப்பாமார் கொழும்பிலிருந்து வந்த கடிதத்தில் படித்த பெயர் கண்முன்னே மட்டை பிடித்து நின்றது.

1977இல் சதாசிவம் இறந்தார். 1981இல் இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது. 1982 பிப்ரவரியில் இங்கிலாந்தோடு இலங்கை தன் முதல் டெஸ்ட்டை ஆடிய இடம் பி. சரவணமுத்து மைதானம். சதாசிவத்தின் சொந்தத் தமிழ் யூனியன் கிளப்பின் மைதானம். முன்பு அதற்குக் கொழும்பு ஓவல் என்று பெயர்.

மேடை இல்லாமல் போனவர்கள் ஒரு வகை. மேடை கிடைத்தும் உடம்பு ஒத்துழைக்காதவர்கள் இன்னொரு வகை. இதற்கு உதாரணம் தேட அமெரிக்காவின் பேஸ்பாலுக்குப் போகலாம். கிரிக்கெட்டின் தூரத்து உறவான அந்த ஆட்டத்தில் பந்து வீசுகிறவனைப் பிட்சர் என்பார்கள். பந்துக்குப் பந்து அவன் தோள்தான் உழைக்க வேண்டும். தோள் போனால் வாழ்க்கை போயிற்று. கிளீவ்லாந்து அணியின் ஹெர்ப் ஸ்கோர் 1955இல் அறிமுகமான ஆண்டிலேயே 245 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அடுத்த ஆண்டு 20 வெற்றிகள். 1957 மே 7 அன்று எதிரணி ஆட்டக்காரர் அடித்த பந்து நேராக வந்து அவர் கண்ணைத் தாக்கியது. மீண்டு வந்தார், ஆனால் பழைய ஸ்கோர் வரவில்லை. டெட்ராய்ட்டின் மார்க் ஃபிட்ரிச் 1976இல், 21 வயதில், 19 ஆட்டங்களை வென்று அமெரிக்காவையே பைத்தியமாக்கினார். பந்தோடு பேசுவார். மண்மேட்டைக் குனிந்து கையாலேயே சமப்படுத்துவார். அவர் வீசும் நாளில் மைதானம் நிரம்பும். மறு ஆண்டு முழங்கால் போயிற்று, அப்புறம் தோள். அதற்குப் பிறகு அவர் வென்றது மொத்தமே 10 ஆட்டம்.

அந்த நாட்டில் ஒன்று கவனிக்க வேண்டும். ஸ்கோர் ஆட்டத்தை விட்டதும் அதே கிளீவ்லாந்து அணியின் ஒலிபரப்பில் வர்ணனையாளராக அமர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேசினார். உடைந்தவனுக்கும் ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்க அங்கே ஒரு தொழில் இருந்தது.

நம்மவர்களில் அந்த வகைக்கு மிக நெருக்கமாக வருகிறவர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன். சென்னைக்காரர். 1965 டிசம்பர் 31இல் பிறந்தார். 16 வயதில் சேப்பாக்கத்தில் டெல்லிக்கு எதிரான ரஞ்சிக் காலிறுதியில் 28 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். 1983 ஏப்ரலில் ஆண்டிகுவாவில் டெஸ்ட் அறிமுகம். வயது 17. அன்றைக்கு இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர்களிலேயே மிக இளையவர்.

1984 நவம்பரில் பம்பாயில் இங்கிலாந்து தடுமாறியதை அப்போது வானொலிப் பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதல் இன்னிங்ஸில் 64க்கு 6, இரண்டாவதில் 117க்கு 6. இந்தியா எட்டு விக்கெட்டில் வென்றது. சின்ன உருவம். கையை உயரத் தூக்கிப் பந்தை மட்டையாளரின் கண்ணுக்கு மேலே மிதக்கவிடுவார். அது கீழே இறங்கும் இடம் அவன் நினைத்த இடமாக இருக்காது. லெக் பிரேக்கா, கூக்ளியா என்று கையைப் பார்த்துப் படிக்க இங்கிலாந்துக்காரர்களால் முடியவில்லை. அடுத்த டெஸ்ட் டெல்லியில், அங்கேயும் 6 விக்கெட். அந்தத் தொடரில் மட்டும் 23.

1985 மார்ச் 10. மெல்பர்ன். உலகக் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம், இந்தியாவும் பாகிஸ்தானும். ஜாவேத் மியான்தத் 48. ஆட்டத்தைத் திருப்பிக்கொண்டு போகக்கூடிய ஒரே மனிதர் அவர். சிவராமகிருஷ்ணன் பந்தை வெளியே சுழலவிட, மியான்தத் கோட்டைத் தாண்டி வந்து தவறவிட, கீப்பர் சதானந்த் விஸ்வநாத் கண்ணிமைக்கும் நேரத்தில் குச்சியைப் பெயர்த்தார். இந்தியாவுக்குக் கோப்பை. அந்த ஒரு ஸ்டம்பிங்கில் பங்கு கொண்ட இரண்டு இளைஞர்களும் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு இந்தியாவின் சொத்து என்று எல்லோரும் எழுதினார்கள்.

விஸ்வநாத் ஆடிய டெஸ்ட் மூன்று. எல்லாம் அதே 1985இல், இலங்கையில். சிவராமகிருஷ்ணனின் கடைசி டெஸ்ட் 1986 ஜனவரியில் சிட்னியில். அப்போது அவருக்கு 20 வயது நிறைந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். அந்த 26இல் 23 ஒரே தொடரில் வந்தவை. 1987 உலகக் கோப்பையோடு ஒருநாள் ஆட்டமும் முடிந்தது.

பந்து வீசும் நீளமும் கட்டுப்பாடும் அவரை விட்டுப் போயின என்பது உண்மை. லெக் ஸ்பின் என்பது மணிக்கட்டின் நுணுக்கத்தில் நிற்கிற கலை. ஒரு விரல் தளர்ந்தாலும் பந்து அரைக் குழியில் விழும், மட்டையாளன் தூக்கி அடிப்பான். அப்படித் தடுமாறுகிற 19 வயதுப் பையனை யாராவது பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓர் ஆண்டு உள்ளூர் ஆட்டங்களில் பந்து போடவிட்டு, மீண்டும் கட்டியெழுப்பியிருக்க வேண்டும். அந்தக் காலத்து இந்திய அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்சியாளர் என்ற பதவியே இல்லை. மனநல ஆலோசகர் என்பதை நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். உலகம் முழுக்கப் புகழ்ந்த பையன் இரண்டே ஆண்டில் தனியாக விடப்பட்டான்.

2021இல் சிவராமகிருஷ்ணன் வெளிப்படையாக ஒன்று சொன்னார். தோலின் நிறத்தை வைத்துத் தன் வாழ்நாள் முழுவதும், தன் சொந்த நாட்டிலேயே, பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னார். அதைப் படித்த மலேசியத் தமிழர்களுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது. 17 வயதில் உலகத்தின் முன்னால் போய் நிற்கிற பிள்ளைக்கு அந்தச் சுமையும் சேர்ந்து இருந்தது என்பதைக் கணக்கில் எடுக்காமல், கெடுத்துக்கொண்டான் என்று சொல்வது அநியாயம். அவரும் ஹெர்ப் ஸ்கோரைப் போலவே வர்ணனையாளராகிப் பல ஆண்டுகள் பேசினார்.

மேடையும் உண்டு, உடம்பும் உண்டு, வெற்றியும் உண்டு. ஆனாலும் கதவு சாத்தப்பட்டது என்றால் என்ன சொல்வது? அது நம் நாட்டிலேயே நடந்தது.

1980 ஏப்ரல், மெர்டேக்கா அரங்கம். மாஸ்கோ ஒலிம்பிக் கால்பந்துக்கான தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டம். எதிரி தென் கொரியா. சபாவைச் சேர்ந்த, இரட்டையர்போல் ஆடிய ஹசான் சானியும் ஜேம்ஸ் வோங்கும் முன்னணியில். பின்வரிசையில் சந்தோக் சிங், சோ சின் ஆன். கம்பத்தின் கீழே ஆர். ஆறுமுகம். நீண்ட கைகள், எந்த மூலைக்குப் போகும் பந்தையும் தாவிப் பிடிக்கும் துணிச்சல். ரசிகர்கள் வைத்த பெயர் ஸ்பைடர்மேன். ஹசான் சானி கடத்திக் கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் அனுப்ப, மலேசியா 2-1 என்று வென்றது. மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர், சபாக்காரர் எல்லோரும் சேர்ந்து ஆடிய அணி அது. தோட்டத்து லயங்களில் வானொலிப் பெட்டி இருந்த வீடுகளில் அன்றைக்கு இடம் போதவில்லை.

அந்த அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா தொடங்கிய புறக்கணிப்பில் மலேசியாவும் சேர்ந்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. செக்கோஸ்லோவாக்கியா தங்கம் வென்றது.

அதே மாஸ்கோவுக்கு இந்தியா போனது. இந்திய ஹாக்கி அணியின் தலைவர் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கத்தோடு திரும்பினார். பல நாடுகள் வராததால் ஹாக்கியில் ஆறே அணிகள்தான் ஆடின என்பது வேறு. பாஸ்கரனும் ஆறுமுகமும் ஒரே தலைமுறை, ஒரே மொழி. ஒருவருடைய அரசாங்கம் போ என்றது, இன்னொருவருடையது போகாதே என்றது. ஆறுமுகத்தின் கைகளிலோ மனத்திலோ எந்தக் குறையும் இருக்கவில்லை.

1972 முனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் கால்பந்து அணி ஆடியது, அமெரிக்காவை 3-0 என்று வென்றது. 1980க்குப் பிறகு இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்துக்கு மலேசியா தகுதி பெறவில்லை. ஆறுமுகம் தொடர்ந்து ஆடினார், நாட்டின் தலைசிறந்த கோல்காப்பாளர்களில் ஒருவர் என்ற பெயரோடு இருந்தார். 1988 டிசம்பரில் கார் விபத்தில் உயிரிழந்தார். வயது 35. 2016இல் அந்த அணியின் கதையைத் தழுவி ‘ஓலா போலா’ என்ற படம் வந்தது. அதில் கோல்காப்பாளர் முத்து என்ற தமிழ் இளைஞர். ஆறுமுகம் ஆடியதைப் பார்த்திராத ஒரு தலைமுறை அந்தப் படத்தின் வழியாகத்தான் அப்படியொருவர் இருந்ததையே அறிந்தது.

அந்தத் தலைமுறைப் பிள்ளைகளில் பலருக்கு இன்று ஆடத் திடலும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, பால் மரத்தை அழித்துச் செம்பனை வந்தபோது, வீடமைப்புத் திட்டம் எழும்பியபோது, லயத்தோடு சேர்ந்து கோயில் பக்கத்துத் திடலும் போயிற்று. கோயிலைக் காப்பாற்ற மனு எழுதினோம், பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற மனு எழுதினோம். இரண்டும் நியாயமான போராட்டங்கள். திடலுக்காக எழுதிய மனுக்கள் மிகக் குறைவு. அதற்கான விலையை எந்தப் பதக்கப் பட்டியலிலும் பார்க்க முடியாது. அந்தத் திடல்களிலிருந்து வந்திருக்கக்கூடியவர்கள் வாசற்படிக்கே வந்து சேரவில்லை.

அடுத்த இதழில்: 1975 மார்ச், கோலாலம்பூர். உலகக் கோப்பை ஹாக்கி அரையிறுதியில் இந்தியாவை 2-1 என்று முந்தி நின்ற மலேசிய அணியும், ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது களமிறக்கப்பட்ட அஸ்லம் ஷேர் கானும்.

(தொடரும்)